பத்தாவது நிமிடத்தில் படுத்துக்கொள்ளும் பெட்டி

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். வாஷிங் மெஷின் பெல்ட், ரைஸ் குக்கர் வயர், கேட் மோட்டார் என்று எதையும் நான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனதில்லை. குளுவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஆயிரம் துண்டுகளில் ஒன்று கோணலாக இருந்தால் என் கண் நேராகப் போய் அதன்மேல்தான் நிற்கும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

என் கணவர் எனக்கு நேர் எதிர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவருக்குப் பேச்சு குறைவு. பல்பு மாற்றச் சொன்னால்கூட, "நீயே மாத்திரும்மா, நான் நாற்காலியப் பிடிச்சுக்கிறேன்" என்பார். நான் திட்டுவதும் அவர் கேட்டுக்கொள்வதுமாக இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. இரண்டு பேருக்கும் பழகிப்போயிற்று.

மூன்று மாதமாக அவருக்கு இருமல். கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள், அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு வியாழக்கிழமை நெஞ்சு டாக்டர் எங்களை உட்காரவைத்து, வலது நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது என்றார். மலாய்க்காரப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?" என்று மலாயில் கேட்டார்.

எடுத்திருந்தோம். ஏழு வருடத்துக்கு முன்னால், ரெங்கம் போகிற சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இவருக்கு விலா எலும்பு உடைந்தது. அப்போது ஒரு தனியார் மையத்தில் எடுத்த ஸ்கேனை சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். நான் இதைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் படத்திலும் இதே புள்ளி இதே அளவில் இருந்தால் கவலையில்லை, சும்மா விட்டுவிடலாம். அன்றைக்கு இல்லாமல் இன்றைக்கு இருந்தால், முதுகு வழியாக ஊசி விட்டுச் சதையை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேலே என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சிடி போடுகிற வாசலே அதில் இல்லை. "பென்டிரைவில் போட்டுக் கொண்டு வாங்க. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி."

அந்தத் தனியார் மையம் மூடி நான்கு வருடமாகிறது. இப்போது அங்கே தேநீர் விற்கிறார்கள். ஆக, உலகத்திலேயே அந்தப் படம் இருப்பது எங்கள் வீட்டு அலமாரியில், கல்யாண ஆல்பத்துக்கு அடியில் இருக்கிற ஒரு சிடியில் மட்டும்தான்.

காரில் ஏறியதும் இவர் கேட்டார். "அந்த சிடி இருக்குல்ல?"

"இருக்கு. என் வீட்டுல எதுவும் தொலையாது."

"பிள்ளைகிட்ட இப்பச் சொல்லாத."

எங்களுக்கு ஒரே மகள். ஸ்கூடாயில் படித்து அங்கேயே வேலைக்குப் போனவள். கண் கலங்கியபடி அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து நிற்கிற ரகம். சரி என்றேன். எனக்கு அவள் உதவியும் தேவைப்படாது என்று நினைத்தேன். ஒரு சிடியைப் பென்டிரைவுக்கு மாற்றுவது ஒரு வேலையா?

அவள் படிக்கும்போது வாங்கிய பெரிய கம்ப்யூட்டர் இன்னமும் கூடத்தில் இருக்கிறது. எங்கள் தாமான் குடியிருப்பில் சிடி வாசல் இருக்கிற ஒரே பெட்டி அதுவாகத்தான் இருக்கும். சாமி மேடைக்குப் பக்கத்து மேசையில் அதை வைத்திருக்கிறோம். கூடத்தில் பிளக் காலியாக இருப்பது அங்கே மட்டும்தான். வேலை முடிந்து வந்ததும் இவர் அதில் சீட்டு விளையாடுவார். தனியாக விளையாடித் தனியாகவே தோற்பார்.

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக சிடியைப் போட்டேன். தட்டு உள்ளே போனது. டக், டக், ர்ர்ர் என்றது. பச்சை விளக்கு கண்ணடித்தது. பிறகு திரையில், தயவுசெய்து சிடியைப் போடவும் என்று ஆங்கிலத்தில் வந்தது. போட்டுத்தானே இருக்கிறது, கண் தெரியவில்லையா உனக்கு என்று அதையும் திட்டினேன். தட்டை இழுத்து, துடைத்து, மறுபடியும் போட்டேன். டக், டக், ர்ர்ர். மூன்றாவது தடவை போடும்போது திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ வந்து, பெட்டி தானாகவே அணைந்து தானாகவே எழுந்தது. எழுந்து கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே நீலம்.

"என்னம்மா?" என்றார் இவர் சோபாவிலிருந்து.

"நீங்க ராத்திரி பகலா சீட்டு ஆடி ஆடி இதையும் சாகடிச்சிட்டீங்க, வேற என்ன!"

அன்று வெள்ளிக்கிழமை என்பதால் எழுந்து குளித்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டேன். சாமிப் படங்களுக்குக் காட்டி, வாசலுக்குக் காட்டி, வழக்கம்போலக் கடைசியாக அந்தப் பெட்டிக்கும் காட்டினேன். மகளைப் படிக்கவைத்த பெட்டியாயிற்றே, வருடக்கணக்காக அதற்கும் மூன்று சுற்று உண்டு. அன்றைக்கு இரண்டு சுற்று கூடவே காட்டினேன். நாளைக்கு ஒழுங்கு மரியாதையாக ஓட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை காலை பசியாற உட்கார்ந்தபோது மேசைமேல் இருந்த சிடியைக் காணவில்லை. இவர் வெளியிலிருந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"காடி ரேடியோவுல போட்டுப் பாத்தேன்மா. துப்பிருச்சு."

நான் கத்திய கத்தலுக்கு எதிர் வீட்டு நாய் குரைத்தது. "அது என்ன பாட்டு சிடியா? உங்க நெஞ்சு ரேடியோவுல பாடுமா? உள்ள சிக்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? காரைப் பிரிச்சு டாக்டர் மேசையில வைக்கிறதா?"

அவர் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். எனக்குக் கோபம் கூடியது.

சிடியைப் பையில் வைத்துக்கொண்டு கடைத் தெருவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடை முதலாளியான சீனத் தவுக்கே சிடியைப் பார்த்ததுமே கையை விரித்தார். "ஆன்ட்டி, இனி பாராங் லாமா லா! பழைய சாமான், எல்லாரும் தூக்கிப் போட்டாச்சு." வெளியே மாட்டுகிற சிடி டிரைவ் ஒன்று சொல்லிவைத்தால் புதன்கிழமை வருமாம். மற்ற இரண்டு கடைகளிலும் அதே கதை. என் பெட்டி நீலத் திரை காட்டுகிறது என்றதும் தவுக்கே, அது முடிந்துபோச்சு, புதுசு வாங்குங்க என்றார். பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் முடிந்துபோச்சு என்கிறவரிடம் என்ன பேசுவது? என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவருக்கு நான் ஆன்ட்டியாம்! விறுவிறு என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுத வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு இயந்திரம் ஓடினால், எது நோய் எது மருந்து என்று கடைசிவரை தெரியாது. நாள்காட்டியில் போன மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கோடு போட்டு ஆரம்பித்தேன்.

முதலில் சிடி. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. பிறகு ஒரு பழைய பக்திப் பாட்டு சிடியைப் போட்டேன். அதற்கும் டக், டக், ர்ர்ர்தான். ஆக, சிடிமேல் பழியில்லை, டிரைவ்தான் குருடு. எழுதிக்கொண்டேன். அடுத்து டிரைவுக்குப் போகிற கேபிளைக் கழற்றி வேறு வாயில் சொருகினேன். மாற்றமில்லை. நீலத் திரைக்கு மெமரி அட்டையைச் சந்தேகப்பட்டு, அதைப் பிடுங்கி, அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். அதற்கும் மாற்றமில்லை. ஒவ்வொரு தடவையும் பெட்டி எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தது என்று பக்கத்தில் குறித்துவைத்தேன். இடையிடையே பெட்டியையும், அதைச் செய்தவனையும், தவுக்கேயையும், மேசைப்பக்கம் வந்த இவரையும் பாரபட்சம் பார்க்காமல் திட்டினேன். பயமா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. பழுது என்று ஒன்று இருந்தால் காரணம் என்று ஒன்று இருக்கும். ஞாயிறு சாயங்காலத்துக்குள் பிடித்துவிடுவேன் என்று தெரியும்.

ஞாயிறு காலை காப்பியோடு உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்தேன். பத்து, பதினொன்று, பத்து, பத்து, பதினொன்று. அலமாக்! இத்தனை நேரம் கண்ணுக்கு முன்னால் கிடந்திருக்கிறது. லூசான கேபிளுக்கு மணி பார்க்கத் தெரியாது. இப்படி நேரம் தவறாமல் படுத்துக்கொள்வது சூட்டுக் கோளாறு. பெட்டியை ஓடவிட்டு, பின்பக்கத்தில் கையை வைத்தேன். காற்றே வரவில்லை.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கூவினேன். "விசிறி அடைச்சிருக்கு. இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க படம் திரையில இருக்கும் பாருங்க."

"நீ சொன்னா சரிம்மா" என்றார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

மின்சாரத்தை அணைத்து, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, மூளைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் விசிறியின் நான்கு திருகையும் எடுத்தேன். விசிறியைத் தூக்கியதும் ஒரு வாசனை வந்தது. நல்ல வாசனைதான். பெட்டிக்குள்ளிருந்து வரக்கூடாத வாசனை. அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் கம்பளித் துணி மாதிரி பழுப்பாக ஒரு மெத்தை ஒட்டியிருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

சாம்பிராணி.

எங்கள் தொழிற்சாலையில் கிளீன் ரூம் என்று ஓர் அறை உண்டு. அதற்குள் பவுடர் பூசிக்கொண்டு போகக்கூடாது, கையில் கிரீம் கூடாது. தலைமுடி ஒன்று உதிர்ந்திருந்தால் எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கடிதத்தை எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு தூசி லென்ஸில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். அப்படிப்பட்டவள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல், ஓடிக்கொண்டிருக்கிற விசிறிக்கு முன்னால் புகையைப் பிடித்து மூன்று சுற்று காட்டியிருக்கிறேன். அதுவும் பக்தியோடு.

டிரைவையும் பிரித்தேன். உள்ளே பருப்பு அளவு ஒரு லென்ஸ் இருக்கும், கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்க வேண்டும். அதன்மேல் தேன் நிறத்தில் ஒரு படலம். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அது எதைப் படிக்கும்?

பக்கத்தில் இவர் இருமினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சாம்பிராணியோடு வரும்போதெல்லாம் இவர் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். பெட்டிக்கும் இவருக்கும் நடுவில் இரண்டு அடிகூட இல்லை. இருமுவார். "சாமி புகை, ஒண்ணும் செய்யாது, சளிக்கு நல்லது" என்று நான் இன்னும் கொஞ்சம் அவர் முகத்துப் பக்கம் காட்டுவேன். விசிறிக்குள் போனது இவருக்குள் போகாமல் இருந்திருக்குமா? பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். இவரை எப்படித் திறந்து பார்ப்பது? அந்தப் புள்ளி நான் வைத்ததா?

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

சர்க்கரை பார்ப்பதற்காக இவர் வைத்திருக்கும் ஸ்பிரிட் பஞ்சைப் பிரித்து, லென்ஸை அழுத்தாமல் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. இன்னொன்று. இன்னொன்று. பிறகு பழைய பல் துலக்கும் பிரஷை வைத்துத் தகடு தகடாக அந்தப் பிசுக்கை எடுத்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரமும் நான் யாரையும் திட்டவில்லை. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவர் முன்னால் அழுது எனக்குப் பழக்கமில்லை.

எல்லாவற்றையும் மாட்டி, சுவிட்சைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம். பதினொன்று. பன்னிரண்டு. பெட்டி படுக்கவில்லை. சிடியைத் தட்டில் வைத்துத் தள்ளினேன். ஒரு டக் சத்தம்கூட இல்லாமல் சுழன்று, சிடிக்குள் இருந்தவை வரிசையாகத் திரைக்கு வந்தன. வேறு நாளாக இருந்தால் தாமானுக்கே கேட்கிற மாதிரி கைதட்டியிருப்பேன். அன்றைக்குப் பேசாமல் எல்லாவற்றையும் பென்டிரைவுக்கு ஏற்றினேன். ஒன்றுக்கு இரண்டாக, இரண்டு பென்டிரைவில்.

படம் பார்க்கிற செயலி ஒன்றும் அந்த சிடியிலேயே இருந்தது. திறந்தேன். இவருடைய நெஞ்சு, ரொட்டியைச் சீவின மாதிரி துண்டு துண்டாகக் கறுப்பு வெள்ளையில் வந்தது. என் கண்மேல் எனக்கு இருக்கிற நம்பிக்கை உங்களுக்குத் தெரியும். அந்தக் கண்ணால் தேடினேன். எங்கே பார்த்தாலும் வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு துண்டிலும் நூறு புள்ளி. எது ரத்தக் குழாய், எது அது என்று எனக்குப் புரியவில்லை.

இவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். "எங்கம்மா இருக்கு?"

"தெரியல" என்று சொல்லிவிட்டு மூடினேன்.

அன்று மாலை அவருக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் செய்தேன். கேட்காமலேயே இரண்டு தடவை தட்டில் போட்டேன். அவர் பாதியை ஒதுக்கிவைத்தார். ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் லாரிகள் குறுக்கே வந்தன, சிக்னல் போடாமல் ஒருவன் புகுந்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டாக்டர் பென்டிரைவைச் சொருகி, பழைய படத்தை இடது பக்கமும் புதிய படத்தை வலது பக்கமும் வைத்தார். உருட்டினார், நிறுத்தினார், கோடு போட்டு அளந்தார். மறுபடியும் அளந்தார். அளக்கிற ஒருத்தியை இன்னொருத்தி அப்படி உற்றுப் பார்த்திருக்க மாட்டாள்.

"சாமா" என்றார். "சாமா சாஜா, ரெண்டும் ஒண்ணுதான். ஏழு வருஷமா அப்படியேதான் இருக்கு, ஒரு மில்லிமீட்டர்கூட வளரலை. பழைய காயத்தின் தழும்பு மாதிரி. ஊசி வேண்டாம்."

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு சாம்பிராணியைப் பற்றியும் கொட்டிவிட்டேன். விசிறி, லென்ஸ், மூன்று சுற்று, முகத்துப் பக்கம் காட்டியது எல்லாவற்றையும் உடைந்த மலாயில் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இந்தப் புள்ளிக்கும் புகைக்கும் சம்பந்தமில்லை என்றார். ஆனால் இருமலுக்குப் புகை ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவரைத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள், ஒரு வருடம் கழித்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து உட்கார்ந்தோம். இவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். எங்கள் இடத்துக்காக ஒரு வண்டி பின்னால் வந்து நின்றது.

"மூணு நாளா நீ அந்தப் பெட்டியத் திட்டிக்கிட்டு இருந்த பாரு" என்றார். "அப்பல்லாம் எனக்குப் பயமே இல்லம்மா. இவ கத்துறா, அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு தோணுச்சு. நேத்து மத்தியானம் திடீர்னு வாய மூடிட்ட. நான் எவ்வளவு கேட்டும் பேசல. படத்தப் பாத்ததும் அதையும் மூடிட்ட. எதையோ பாத்துட்டா, எங்கிட்ட மறைக்கிறான்னு நெனச்சேன். சாயங்காலம் சம்பல் வேற செஞ்சு அள்ளி அள்ளிப் போட்ட. சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு..."

இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஓர் இரவு முழுக்க இந்த மனுஷனைச் சாகவிட்டிருக்கிறேன், அதுவும் பேசாமல் இருந்தே. என் பயத்தை நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது அதே மெத்தையில் அரை அடி தள்ளி இவரும் அதைத்தான் செய்திருக்கிறார். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"ராத்திரியே வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? நாப்பது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறீங்க, பொண்டாட்டிகிட்ட கேக்கத் தெரியாதா? பின்னால வண்டிக்காரன் எவ்வளவு நேரமா நிக்கிறான், எடுங்க முதல்ல!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியாதபடி உடைந்திருந்தது. அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம் திட்டும்மா" என்றார்.